சரளி வரிசையிலேயே இருக்கிறது பாணி

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் புதுச்சேரியில் வயலின் வகுப்பு, கீபோர்டு வகுப்பு, பியானோ வகுப்பு என்று அறிவிப்புகள் வரிசைகட்டி வரும். ஜவகர் சிறுவர் இல்லத்தின் கோடைக்காலப் பயிற்சியிலிருந்து மாடி வீடுகளில் நடக்கும் தனியார் வகுப்புகள் வரை பல வகை. பாகூர், வில்லியனூர் கொம்யூன்களின் கிராமங்களுக்கும் இந்த ஆசை வந்து சேர்ந்துவிட்டது. தமிழக எல்லையை ஒட்டிய கரையாம்புத்தூரில் ஒரு கூலி வேலைக்காரர் மகளுக்கு வயலின் வாங்கித் தர நினைப்பதை இன்று யாரும் வேடிக்கையாகப் பார்க்க மாட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு மாதக் கோடை முகாமில் என்ன சொல்லித்தர வேண்டும் என்று கேட்டால் மட்டும் ஆசிரியர், பெற்றோர், சபா ரசிகர் மூவரும் ஒரே குரலில் பதில் சொல்வார்கள். முதலில் அடிப்படை, விரல் சுத்தம், சுருதி சுத்தம், தாளம். பாணி என்பதெல்லாம் பத்துப் பதினைந்து வருஷம் சாதகம் செய்தபின் தானாக வரும், அதுவும் வித்வான் வீட்டில் பிறந்தவர்களுக்கு. கிராமத்துப் பிள்ளைக்குக் கடைசி நாள் விழாவில் இரண்டு பாட்டு தப்பில்லாமல் வாசிக்க வந்தால் அதுவே பெரிது. கேட்பதற்குப் பணிவாகவும் நியாயமாகவும் இருப்பதால் இந்தக் கருத்தை யாரும் மறுப்பதில்லை. ஆனால் இதன் ஒவ்வொரு பகுதியும் தவறு. பாணி கற்றலின் முடிவில் கிடைக்கும் பரிசு என்ற எண்ணம் தவறு. அது பரம்பரைச் சொத்து என்ற எண்ணம் தவறு. ஒரு மாத முகாமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதும் தவறு. காது எதைக் கேட்டு வளர்ந்ததோ அதைக் கை தன் கருவியில் தேடத் தொடங்கும்போதே பாணி தொடங்கிவிடுகிறது.

முதலில் 'அடிப்படை' என்று எதைச் சொல்கிறோம் என்று பார்க்கலாம். வயலினில் ஒரு ஸ்வரம் எப்படி ஒலிக்கும் என்பதை வலது கையின் மூன்று செயல்கள் முடிவு செய்கின்றன: வில் எவ்வளவு வேகமாகப் போகிறது, எவ்வளவு அழுத்தத்தோடு போகிறது, தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு எவ்வளவு பக்கத்தில் தந்தியைத் தொடுகிறது. குதிரையை ஒட்டி மெதுவாக அழுத்தி இழுத்தால் கூர்மையான, அடர்ந்த நாதம் வரும். தள்ளி வைத்து வேகமாக லேசாக இழுத்தால் மூச்சு கலந்ததுபோல மென்மையாக வரும். மாயாமாளவகௌளை ராகத்தில், தொடக்கப் பாடமான சரளி வரிசையின் முதல் வரியை வாசிக்கிற குழந்தையும் எட்டு ஸ்வரங்களுக்கும் இந்த மூன்றையும் முடிவு செய்துதான் ஆகவேண்டும். ஒரு வில்லுக்கு ஒரு ஸ்வரமா, நான்கா? ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு விரலை எடுத்து வைப்பதா, இழைத்துக்கொண்டு போவதா? பியானோவிலும் இதே கதைதான். விசை எந்த வேகத்தில் கீழே இறங்குகிறது, எப்போது விடுபடுகிறது, பெடல் எந்தக் கணத்தில் மிதிபடுகிறது என்பவற்றுக்கு வெளியே 'வெறும் ஸ்வரம்' என்று ஒன்று கிடையாது. இவற்றைப் பிள்ளை தெரிந்து முடிவு செய்யாவிட்டால் தெரியாமல் முடிவு செய்யும். அல்லது ஆசிரியரின் பழக்கம் அதன் சார்பில் முடிவு செய்துவிடும். பாணி கலக்காத அடிப்படையை முதலில் கொடுப்போம் என்கிறவர்கள் உண்மையில் கொடுப்பது பெயர் சொல்லப்படாத ஒரு பாணியை. கரையாம்புத்தூர்க் குழந்தை முதலில் ஊர் வாடை இல்லாத பொதுத் தமிழைக் கற்று, பத்து வருஷம் கழித்துத் தன் ஊர்ப் பேச்சுக்கு வந்து சேர்வதில்லை. முதல் சொல்லே வட்டார வழக்கோடுதான் வாயிலிருந்து வருகிறது. கையும் அப்படித்தான் பேசப் பழகுகிறது.

நம் வயலினின் வரலாறே இதற்குச் சாட்சி. இது பரம்பரையாக வந்த கருவியே அல்ல. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1859) மணலியில் ஓர் ஐரோப்பியரிடம் கற்று இதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834இல் சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். அந்த முதல் தலைமுறையினருக்குப் பின்பற்ற ஒரு கர்நாடக வயலின் பாணி இருக்கவில்லை. அவர்கள் காதில் இருந்தது வாய்ப்பாட்டும் வீணையும் நாகஸ்வரமும்தான். அந்தக் காதுக்கு ஏற்றபடி அவர்கள் கருவியைப் பிடிக்கும் விதத்தையே மாற்றினார்கள். நின்றுகொண்டு மோவாயில் இடுக்கி வாசித்த கருவி தரைக்கு வந்தது. அதன் சுருள் வலது கணுக்காலில் ஊன்றிக்கொண்டதால் பாரம் தாங்கும் வேலையிலிருந்து இடது கை விடுபட்டு, கமகத்துக்காகத் தந்தி நெடுகச் சறுக்கிப் போக முடிந்தது. ஐந்து ஐந்து ஸ்வர இடைவெளியில் ஏறிக்கொண்டே போகும் ஐரோப்பிய சுருதிக் கூட்டலுக்குப் பதிலாக சட்ஜம், பஞ்சமம், சட்ஜம், பஞ்சமம் என்று தந்திகள் சேர்க்கப்பட்டன. உட்காரும் விதமும் தந்தி கூட்டும் விதமும் எந்த வகுப்பிலும் முதல் நாள் பாடம். அடிப்படையிலும் அடிப்படையான அவற்றையே காதுதான் தீர்மானித்தது. அடிப்படை முடிந்தபின் பாணி என்ற வரிசையை அவர்கள் கடைப்பிடித்திருந்தால் இன்று கர்நாடக வயலின் என்று ஒன்றே இருந்திருக்காது.

பிறகு வந்த பெரிய பாணிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் அவை வயலினுக்கு வெளியேயிருந்தோ, நம் வயலினுக்கு வெளியேயிருந்தோ வந்தவை என்பது தெரியும். துவாரம் வெங்கடசாமி நாயுடு (1893–1964) மேல்நாட்டு வயலினின் நாதத்தை ரசித்துக் கேட்டவர். நீண்ட வில்லும் நிறைந்த நாதமும் அவருடைய அடையாளமாயின. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் பெரிய கூட்டத்துக்கும் பெரிய குரலுக்கும் ஈடுகொடுக்க நினைத்த மைசூர் சௌடையா ஏழு தந்தி வயலினை உருவாக்கிக்கொண்டார். பறவூர் சுந்தரமய்யர் பம்பாயில் ஹிந்துஸ்தானி இசைச் சூழலில் இருந்தவர். அவர் மகன் எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் இரண்டு மரபுகளையும் கேட்டு வளர்ந்து, ஹிந்துஸ்தானிப் பாடகர் ஓம்கார்நாத் தாகூருக்கே பக்கவாத்தியம் வாசித்தார். அவருடைய விரல் வேகத்துக்கும் வில்லின் நீட்சிக்கும் பின்னால் அந்த இரட்டைக் கேள்வி இருக்கிறது. லால்குடி ஜெயராமன் (1930–2013) சிறுவயதிலிருந்தே பெரும் பாடகர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர். சொல் எங்கே பிரிகிறது, மூச்சு எங்கே நிற்கிறது என்பதை வில்லுக்குள் கொண்டுவந்ததால்தான் அவர் வயலின் பாடுகிறது என்றார்கள். குன்னக்குடி வைத்தியநாதன் தவில்காரர் வலையப்பட்டி சுப்பிரமணியத்தோடு இணைந்து மேடையேறியபோது தவிலின் அடி வில்லுக்குள் வந்தது. எதிர்த்திசையிலும் இதுவே நடந்தது. பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் பிருகாக்களில் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம் கேட்கிறது. வயலினை மட்டும் கேட்டு வயலினில் தனிப்பாணி கண்டவர் என்று ஒருவரையும் காட்டுவது கடினம்.

இங்கே முதல் மறுப்பு வரும். இவர்களெல்லாம் வித்வான் வீட்டுப் பிள்ளைகள், லால்குடி, எம்.எஸ்.ஜி., டி.என். கிருஷ்ணன் மூவருக்கும் அப்பாவே குரு. கரையாம்புத்தூரில் அப்படி அப்பா யாருக்கு இருக்கிறார்? கேள்வி சரியானதுதான், அதிலிருந்து எடுக்கும் முடிவு சரியல்ல. பரம்பரை என்பது ரத்தத்தில் ஓடும் வித்தை என்றால், ஒரே அப்பாவிடம் கற்ற பிள்ளைகள் ஒரே மாதிரி வாசிக்க வேண்டும். வி. லட்சுமிநாராயணாவிடம் கற்ற எல். சுப்ரமணியமும் எல். சங்கரும் அப்படியா வாசித்தார்கள்? சுப்ரமணியம் மேல்நாட்டு இசைக்குழுக்களுக்கான பெரும் படைப்புகளின் பக்கம் போனார். சங்கர் ஜான் மெக்லாஃப்லினின் 'சக்தி' குழுவில் வாசித்து, பிறகு பத்துத் தந்தி இரட்டை வயலினை வடிவமைத்துக்கொண்டார். குரு ஒருவர், வீடு ஒன்று, கேட்டுத் தேர்ந்த உலகம் மட்டும் வேறு. வித்வான் வீடு பிள்ளைக்குத் தருவது இரண்டு விஷயங்கள். ஒன்று கண்டிப்பான சாதகம். மற்றொன்று காலையில் கண் விழித்தது முதல் இரவு தூங்கும் வரை காதில் விழுந்துகொண்டே இருக்கும் சங்கீதம். முதலாவதை ஆசிரியர் ஈடுகட்ட முடியும். இரண்டாவது வித்வான் வீட்டுக்கு மட்டும் சொந்தமானது அல்ல. பண்ணைப்புரத்தில் வித்வான் பரம்பரை எதுவும் இல்லாத வீட்டில் பிறந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போய் ஹார்மோனியம் வாசித்தவர். மேல்நாட்டு இசை இலக்கணத்தைச் சென்னைக்கு வந்தபின் தன்ராஜ் மாஸ்டரிடம் கற்றார். 1976இல் 'அன்னக்கிளி' வெளிவந்தபோது கேட்டவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது, அந்த இலக்கணத்தைத் தனக்கு வேண்டியபடி வளைத்துக்கொண்ட கிராமத்துக் காது. இலக்கணம் மட்டும் போதுமென்றால், அதே காலத்தில் அதே இலக்கணம் கற்றவர்கள் எல்லாரும் இளையராஜா ஆகியிருக்க வேண்டும்.

கரையாம்புத்தூர்ப் பிள்ளையின் காது காலியாக இருக்கிறது என்று நினைப்பதுதான் இந்த வாதத்தின் அடியில் கிடக்கும் பெரிய பிழை. கோடை முகாம் நடக்கும் சித்திரை, வைகாசி மாதங்கள்தான் இந்த வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் காலமும். கூத்தில் பாடுகிறவர் ஓர் அடியை எடுத்ததும் முகவீணைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு பின்தொடர்வார். பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தை நிரப்புவார். சுருதி கீழே விழாமல் தாங்குவார். கச்சேரி மேடையில் பக்கவாத்திய வயலின் செய்வதும் இதைத்தானே? விடிய விடியக் கூத்துப் பார்த்த பிள்ளைக்குப் பக்கவாத்தியம் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கோயில் புறப்பாட்டில் நாகஸ்வரமும் தவிலும், சாவு வீட்டில் ஒப்பாரியும் பறையும், ஈஸ்டருக்குப் பின் வரும் வில்லியனூர் லூர்து மாதா பெருவிழாவில் பாடற்குழுவின் பல குரல் பாட்டும், வீட்டில் நாள் முழுதும் சினிமாப் பாட்டும் அந்தக் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. ஒப்பாரியில் ஸ்வரம் சரிந்து இறங்குவதைக் கேட்டிருக்கும் பெண்ணிடம் வயலினில் இறங்கு ஜாருவைக் காட்டினால் அவள் அதை உடனே அடையாளம் கண்டுகொள்வாள். முகாம் இந்தக் காதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாமல், ஒன்றும் தெரியாத பிள்ளை என்று முடிவு கட்டிவிட்டுத் தொடங்குகிறது. பிறகு பத்து வருஷம் கழித்து அதே பிள்ளையைப் பார்த்து, உனக்கென்று ஒரு பாணி இல்லையே என்று குறைபட்டுக்கொள்கிறது.

இரண்டாவது மறுப்பு பியானோவைப் பற்றியது. வயலினிலாவது இழைக்க வளைக்க வழி உண்டு. பியானோவில் ஸ்வரம் செதுக்கி வைத்ததுபோல நிற்கிறது, அதில் ஒரு சிறு பிள்ளை என்ன பாணியைக் காட்டிவிட முடியும் என்பார்கள். பியானோ வரலாறு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. தன் மாணவர்களை இத்தாலிய ஓபரா பாடகர்களைப் போய்க் கேட்கச் சொன்னவர் பியானோ கலைஞர் ஷோபின். தட்டியதும் தேயத் தொடங்கும் ஒலியைக்கொண்டு, நீண்டு செல்லும் குரலின் மாயத்தை உண்டாக்க அவர் பட்ட பாடுதான் அவர் பாணி. அமெரிக்க ஜாஸ் கலைஞர் தெலோனியஸ் மங்க் இரண்டு விசைகளுக்கு நடுவே இருக்கும் ஸ்வரத்துக்கு ஏங்கி, பக்கத்துப் பக்கத்து விசைகளைச் சேர்த்து அழுத்தினார். கருவி தர மறுப்பதைக் காது கேட்கும்போது கை ஒரு வழி கண்டுபிடிக்கிறது. அந்த வழிக்குத்தான் பாணி என்று பெயர். கிராமத்தில் பியானோ கிடைக்காது, கீபோர்டுதான் என்பது உண்மை. அங்கேயும் ஒரு வேறுபாடு இருக்கிறது, அதை யாரும் பெற்றோருக்குச் சொல்வதில்லை. மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே அளவில் ஒலிக்கும் மலிவான கீபோர்டு, பிள்ளையின் விரல் செய்யும் தேர்வுகளையெல்லாம் அழித்துவிடுகிறது. அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறும் டச் சென்சிட்டிவ் கீபோர்டு அவற்றைக் காதுக்குத் திருப்பித் தருகிறது. பாணி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். பிள்ளையின் கைக்கு அவை ஒன்றல்ல. பின்னணித் தாளத்தையும் கார்டையும் கருவியே வாசித்துவிட, மேலே ஒற்றை விரலால் மெட்டைத் தொட்டுப் போகும் விழா மேடை வாசிப்பில் பாணி மட்டுமல்ல, அடிப்படையும் இல்லை.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது. உலகிலேயே கண்டிப்பான கோடைப் பள்ளிகள் பாணியைப் பேசுவதில்லை, சாதகத்தைத்தான் பேசுகின்றன என்பது. வயலின் ஆசிரியர் ஐவன் கலாமியன் 1944இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய மெடோமவுண்ட் கோடைப் பள்ளி, நாள்தோறும் பல மணி நேரம் அறைக்குள் அடைந்து சாதகம் செய்ய வைப்பதற்குப் பேர்போனது. அதை நான் மறுக்கவில்லை. சாதகம் இல்லாத பாணி வெறும் சாக்கு. அபஸ்வரத்தை 'என் வெளிப்பாடு' என்று சொல்லித் தப்பிக்கும் நாகரிகம் ஒன்று இப்போது வளர்கிறது. பிள்ளையை அதன் போக்கில் விட்டால் தனித்தன்மை தானாக மலரும் என்று நம்பும் அந்தக் கூட்டத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் கலாமியனின் மாணவர்கள் எப்படி வாசித்தார்கள் என்று பாருங்கள். இட்சாக் பெர்ல்மனின் நாதத்தையும் பிங்கஸ் ஜூக்கர்மனின் நாதத்தையும் தேர்ந்த காது குழப்பிக்கொள்ளாது. 1962இல் வெளிவந்த தம் நூலில் கலாமியன், மாறாத கடும் விதிகளை எல்லாருக்கும் பொதுவாகத் திணிப்பது ஆபத்து, ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியே அணுக வேண்டும் என்று வாதிட்டார். பெர்ல்மனின் மனைவி டோபி 1990களில் தொடங்கிய கோடை இசைப் பள்ளியில், தந்திக் கருவி கற்க வரும் பிள்ளைகள் சேர்ந்திசைக் குழுவிலும் பாடுகிறார்கள். வில்லைப் பிடிக்க வந்த பிள்ளையை ஏன் பாட வைக்க வேண்டும்? வில்லுக்கு எங்கே போகவேண்டும் என்று சொல்ல ஒரு குரல் உள்ளே இருக்க வேண்டும் என்பதால்தான். கண்டிப்பும் பாணியும் எதிரிகள் என்ற கற்பனையை இந்தப் பள்ளிகளே உடைக்கின்றன. கண்டிப்பு கைக்கு, கேள்வி காதுக்கு, இரண்டும் ஒரே நாளின் வேலை.

ஒரு மாதத்தில் என்ன செய்துவிட முடியும் என்பது கடைசி மறுப்பு. ஒரு மாதத்தில் பாணி முழுமையாகிவிடும் என்று சொன்னால் அது பொய். அப்படிப் பார்த்தால் ஒரு மாதத்தில் அடிப்படையும் முழுமையாவதில்லை. ஆனாலும் அதைத் தொடங்குகிறோம். பாணிக்கும் அதே நியாயம் வேண்டும். செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. மோகன ராகத்தில் ஒரு சின்ன ஸ்வரக் கோவையை எடுத்துக்கொள்ளலாம். அதை ஒரு பாடகர் பாடியதாக, ஒரு நாகஸ்வரக்காரர் வாசித்ததாக, ஒரு வயலின்காரர் வாசித்ததாக மூன்று விதமாகக் கேட்கச் செய்யலாம். பிள்ளை முதலில் அதைப் பாட வேண்டும். பிறகு மூன்றையும், எங்கே வில் திரும்புகிறது, எங்கே இழைகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து அப்படியே வாசிக்க வேண்டும். ஒருவரை மட்டும் பார்த்துச் செய்தால் அது நகலில் முடியும். மூவரைப் பார்த்துச் செய்யும் பிள்ளை இது வேண்டும், அது வேண்டாம் என்று தேர்ந்தே தீர வேண்டும். அந்தத் தேர்வும், ஏன் அதைத் தேர்ந்தாய் என்று ஆசிரியர் கேட்கும் கேள்வியும்தான் பாணிப் பயிற்சி. இதனால் விரல் சுத்தம் கெடாது, மேலும் கூடும். கேட்டதை அப்படியே கொண்டுவர முயலும் பிள்ளைக்குச் சுருதி ஒரு கால் இம்மி விலகினாலும் தெரிந்துவிடும். முகாமுக்குப் பக்கத்து ஊரில் அன்று இரவு கூத்து நடக்கிறதென்றால், முகவீணைக்காரர் ஒருவரை அழைத்து ஒரு மணி நேரம் வாசிக்கச் சொல்வதற்குப் பெரிய செலவு ஆகாது. ஸ்டாஃப் நோட்டேஷன் புத்தகங்கள் தர முடியாததை அந்த ஒரு மணி நேரம் தரும்.

அப்படியானால் இந்தப் பழைய கருத்து ஏன் இவ்வளவு உறுதியாக நிற்கிறது? அது பலருக்கும் வசதியாக இருப்பதால்தான். இருபது பிள்ளைகள் ஒரே பாட்டை ஒரே மாதிரி வாசிப்பது கற்றுத்தரவும் எளிது, மேடையில் நிறுத்தவும் எளிது, கைப்பேசியில் படம் பிடிக்கவும் அழகு. டிரினிட்டி போன்ற கிரேடு தேர்வுகளுக்கும் அதுவே தோது. படிப்படியாக மதிப்பெண் வாங்கலாம், சான்றிதழை மாட்டி வைக்கலாம். தேர்வும் மேடையும் கெட்டவை அல்ல, அவை இலக்கணத்தைச் சோதிக்கட்டும். ஆனால் பாணி பரம்பரைக்காரர்களின் விஷயம் என்ற நம்பிக்கை இன்னொரு வேலையையும் சத்தமில்லாமல் செய்கிறது: நகரத்துப் பிள்ளைக்குக் கலையையும் கிராமத்துப் பிள்ளைக்குப் பொழுதுபோக்கையும் பங்கிட்டுக் கொடுக்கிறது. அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. இசையைப் பட்டப்படிப்பாகப் படிக்கும் வழி இந்தப் பிள்ளைகளுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும் வயதில், தன் காதில் பதினெட்டு வருஷமாக விழுந்தது எல்லாம் சங்கீதத்தில் சேராதது என்று நம்பப் பழகிய ஒரு பெண் தன் பாணியை எங்கே போய்த் தேடுவாள்? எனவே முகாமின் கடைசி நாளில் பெற்றோர் ஆசிரியரிடம் எத்தனை பாட்டு வந்தது என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ஒரே சரளி வரிசையை என் பிள்ளையும் பக்கத்துப் பிள்ளையும் எப்படி வேறு வேறாக வாசிக்கிறார்கள், ஏன் என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிகிற ஆசிரியர் அடிப்படையைச் சரியாகக் கற்றுத் தந்திருக்கிறார். பதில் சொல்ல முடியாதவர் அடிப்படையையும் கற்றுத் தரவில்லை.